பத்துக்கு எத்தனை?

"பத்துக்கு எத்தனைம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நின்னா கடுக்குதுங்க. குனிஞ்சு நிமிந்தா சுள்ளுனு இழுக்குது. ராத்திரி படுத்தா உள்ளுக்குள்ள குடையுது. காலைல எந்திரிச்சா கொஞ்ச நேரம் மரக்கட்டையாட்டம் இருக்குதுங்க."

"சரிங்கம்மா. பத்துக்கு எத்தனை?"

"எட்டுன்னு போட்டுக்குங்க."

திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் இருபது வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள். அவள் சொன்ன நான்கு வாக்கியங்களும் ஃபைலில் '8' ஆகின. டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் அந்த நான்கு வாக்கியங்களுக்கும் எட்டுக்கும் நடுவில் என்ன தொலைந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. வலி பற்றிய புத்தகங்களை அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சில இடங்களில் அவை அம்மாவிடம் தோற்றன. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

*

முதலில் சிகிச்சை. முள்ளெலும்புகளைப் பின்பக்கமாக ஒன்றோடொன்று இணைக்கும் சின்ன மூட்டுகளுக்கு ஃபேசட் மூட்டுகள் என்று பெயர். அவை தேய்ந்தால் வலிக்கலாம், தேய்ந்தும் வலிக்காமல் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் தேய்மானத்தைக் காட்டும். இந்த ஆளுக்கு வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்பதை அது சொல்லாது. அதனால் முதலில் ஒரு சோதனை வைக்கிறார்கள். மூட்டிலிருந்து வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பின் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அடுத்த சில மணி நேரம் நோயாளி நின்று, நடந்து, குனிந்து பார்த்து வலி எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வேண்டும். பாதி குறைந்தால் போதும் என்பவர்கள் உண்டு, எண்பது சதவீதம் குறைய வேண்டும் என்பவர்களும் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டினால் அடுத்த கட்டம் ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்ளேஷன். எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ஊசியை நரம்பின் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் மின்சாரம் விட்டு இடம் சரிதானா என்று பார்ப்பார்கள். பிறகு ஊசி முனையைச் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கி ஒன்று, ஒன்றரை நிமிஷம் வைத்திருப்பார்கள். நரம்பு கருகும், வலிச் செய்தி நிற்கும். "நரம்பச் சுடறது" என்பாள் அம்மா. சரியான மொழிபெயர்ப்புதான்.

கருகிய நரம்பு மீண்டும் வளரும். பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் வலி திரும்பும், மறுபடியும் சுடலாம்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தச் சிகிச்சையில் நோயாளியின் பேச்சுதான் சாட்சியம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அந்த இடத்துக்கு வர முடியாது. ஒருத்தர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சில வாக்கியங்களை வைத்து அவருடைய நரம்பைச் சுடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஒரு வாசிப்புக்கு இதைவிடப் பெரிய விளைவு இருக்க முடியுமா?

*

வலிக்கும் மொழிக்கும் உள்ள உறவைப் பேசும்போது இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் வெளியிட்ட 'ஆன் பீயிங் இல்' கட்டுரை, ஆங்கிலத்தில் பெரிய துயரங்களுக்குச் சொல் இருக்கிறது, ஒரு சாதாரணத் தலைவலிக்கு இல்லை என்று வருத்தப்படுகிறது. எலைன் ஸ்கேரி 1985இல் வந்த 'தி பாடி இன் பெயின்' நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உடல் வலி மொழிக்கு அடங்காதது மட்டுமில்லை, மொழியையே அழித்துவிடுகிறது என்பது அவர் வாதம். சித்திரவதையையும் போரையும் வைத்து எழுதப்பட்ட நூல் அது. அந்த எல்லைக்குள் அவர் சொல்வதை மறுக்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் அந்த வாதத்தை எடுத்து எல்லா வலிக்கும் போர்த்துகிறோம். 'வலிக்கு மொழி இல்லை' என்பது இன்று தமிழிலும் கவிதைத் தொகுப்பு முன்னுரைகளில் தேய்ந்துபோன வாக்கியம். நாள்பட்ட முதுகுவலிக்காரர்களோடு ஒரு மணி நேரம் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து பாருங்கள். கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், பிடிப்பு, இழுப்பு, காந்தல், எரிச்சல், தெறிப்பு, விண்விண்ணென்று, சுள்ளென்று, மதமதவென்று. இதில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லிவிட முடியாது. குடைச்சல் உள்ளே இருப்பது, மெதுவானது. காந்தல் தோலுக்குப் பக்கத்தில் இருப்பது. உளைச்சல் கைகாலில் வரும், பெரும்பாலும் ராத்திரியில். வலியின் இடம், ஆழம், வேகம், வேளை எல்லாம் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

மருத்துவத்துக்கும் இது தெரியாததில்லை. 1975இல் ரொனால்ட் மெல்ஸாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 குழுக்களாக உள்ளன. துடிக்கும் வலி, குத்தும் வலி, சுடும் வலி என்று நோயாளி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கூட்டமான ஓ.பி.யில் கடைசியில் எஞ்சுவது பத்துக்கு எத்தனை மட்டும்தான். அம்மாவிடம் மொழி இருந்தது. அதை எழுத ஃபைலில்தான் கட்டம் இல்லை.

*

அடுத்த சிக்கல் சொல்லில் இல்லை, கதையில் இருக்கிறது. நோயாளிகளின் எழுத்தைப் பற்றிப் பேசும் யாரும் ஆர்தர் ஃபிராங்கின் 'தி வூண்டட் ஸ்டோரிடெல்லர்' (1995) நூலைத் தாண்டிப் போக முடியாது. மாரடைப்பையும் புற்றுநோயையும் அடுத்தடுத்துச் சந்தித்த சமூகவியலாளர் அவர். நோய்க் கதைகளை மூன்றாகப் பிரிக்கிறார். நலம், நோய், மறுபடி நலம் என்று போவது மீட்சிக் கதை. முன்பின் இல்லாமல், சொல்லவே முடியாமல் சிதறுவது குழப்பக் கதை. நோயை ஒரு பயணமாக எடுத்துக்கொண்டு ஏதோ ஒன்றைக் கற்றுத் திரும்புவது தேடல் கதை. எந்தக் கதையும் ஒரே வகைக்குள் முழுதாக அடங்காது என்று அவரே சொல்லவும் செய்கிறார்.

நரம்பைச் சுட்டுக்கொண்டவர்களின் அனுபவத்தை இதில் எங்கே வைப்பது? வலி போனது, அதனால் மீட்சி போலத் தெரிகிறது. ஆனால் திரும்பி வரும் என்று முதல் நாளே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். குழப்பமும் இல்லை, தேதி வாரியாகச் சொல்ல முடிகிறது. தேடலும் இல்லை, முதுகுவலியிலிருந்து அம்மா எந்த ஞானத்தையும் பெறவில்லை. முழுதாகக் குணமாகாமலும் நோயாளியாக இல்லாமலும் நடுவில் வாழ்கிறவர்களை ஃபிராங்க் தன் நூலில் ஒரு தனிச் சமூகமாகவே அடையாளம் காட்டுகிறார். அது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சமூகத்துக்கென்று ஒரு கதைவடிவத்தை அவர் தரவில்லை. ஆட்களைக் காட்டிவிட்டு, அவர்கள் கதையை மற்ற மூன்றுக்குள் இடித்துப் பிடித்து உட்கார வைக்கிறார்.

அந்த நான்காவது வடிவத்துக்குத் தவணைக் கதை என்று பெயர் வைக்கலாம் என்று தோன்றுகிறது. பெயர் என்னுடையது, விஷயம் அம்மாவுடையது. இரண்டாம் முறை போக வேண்டி வந்தபோது, "வட்டி கட்டி அடகைப் புதுப்பிச்சுட்டு வந்தரலாம் வா கண்ணு" என்றாள். நகையை முழுசாகத் திருப்ப முடியாது, மூழ்கவும் விடக் கூடாது. ஒரு கெடுவிலிருந்து அடுத்த கெடு வரைக்கும் கழுத்தை நிமிர்த்தி நடக்கலாம். எத்தனையோ குடும்பங்கள் இந்த வடிவத்தில்தான் வாழ்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இலக்கியத்துக்கு வராத இந்தக் கதை ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. 1996இல் ஆஸ்திரேலியாவில் சூசன் லார்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துக்குப் பிறகு தீராத கழுத்துவலியோடு இருந்த 24 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு நரம்பைச் சுட்டார்கள். மீதிப் பேருக்கு எல்லாம் அப்படியே நடந்தது, ஊசி முனை மட்டும் சூடாகவில்லை. வலி பழைய அளவில் பாதிக்குத் திரும்ப எத்தனை நாள் ஆனது என்பதுதான் அவர்கள் எண்ணியது. சுட்டவர்களுக்கு நடுவளவு 263 நாள், சுடாதவர்களுக்கு 8 நாள். வலி திரும்பும் என்பதை ஏற்றுக்கொண்டு, எப்போது என்று மட்டும் கேட்கிற ஆய்வு அது. பத்துக்கு எத்தனை என்ற கேள்வி இல்லாமல் அந்த 263ஐக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நேர் எதிர், மருத்துவமனை வரவேற்பறை டிவியில் ஓடும் சாட்சி வீடியோக்கள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் டாக்டர். "தூக்கிட்டு வந்தாங்க, நடந்து போறேன்." ஃபிராங்க் சொல்லும் மீட்சிக் கதை, துளிப் பிசகில்லாமல். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வீடியோவில் ஒன்றே ஒன்றுதான் இருக்காது: இது எத்தனையாவது நாள்? மூன்றாம் நாளா, முந்நூறாம் நாளா? இந்த வகைக் கதையை வாசிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய விமர்சனக் கேள்வி அதுதான்.

நோயாளி சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஆபத்து உண்டு. 1970களின் தொடக்கத்தில் ரீஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் முதுகில் மெல்லிய கத்தியை நுழைத்து இந்த நரம்புகளை வெட்டினார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் குணமானதாக அறிவித்தார். பிறகு உடற்கூறு ஆய்வாளர்கள் பார்த்தபோது, அந்தக் கத்தி நரம்பு இருக்கும் ஆழத்துக்குப் போகவே வாய்ப்பில்லை என்று தெரிந்தது. 2017இல் நெதர்லாந்திலிருந்து 681 பேரை வைத்து வந்த மூன்று ஆய்வுகள், உடற்பயிற்சியோடு நரம்பைச் சுடுவதைச் சேர்த்தாலும் இடுப்புவலியில் சொல்லிக்கொள்ளும்படி கூடுதல் பலன் இல்லை என்றன. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை என்று மற்ற நிபுணர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது என்றால், சோதனை ஊசிக்குப் பிறகு அவர்கள் சொன்னதை எப்படிக் கேட்டோம் என்பதுதான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

*

இந்த இடத்தில் என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும்.

சோதனை ஊசி போட்ட அன்று ஒரு தாள் கொடுத்தார்கள். மணிக்கு ஒருமுறை பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். அம்மாவுக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை, நான்தான் எழுதினேன். வராண்டாவில் நடக்க வைத்துவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"பக்கத்து வூட்டுல சண்ட நடக்கறாப்புல இருக்கு கண்ணு. சத்தம் கேக்குது. ஆனா நம்ம வூட்டுல இல்ல."

"சரிம்மா, நம்பர் சொல்லு."

"ஒண்ணுன்னு போடு."

1 என்று எழுதினேன். டாக்டரின் அதே கேள்வியை அதே அவசரத்தோடு நானும் கேட்டிருக்கிறேன். அவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது, அதற்குத் தாளில் இடமில்லை என்று விட்டுவிட்டேன். நான் இலக்கியம் படிக்கிறவன்!

சில மாதம் கழித்துச் சமையல் செய்துகொண்டே சொன்னாள். "அன்னைக்கு மூணு இருக்கும் கண்ணு. நீ கடன வாங்கிப் பணம் கட்டிட்டு நிக்கற. அந்த டாக்டரும் பாவம், அத்தன நேரம் நின்னு ஊசி போட்டாரு. எப்படி மூணுன்னு சொல்றது?"

எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் 87 சதவீதத்துக்கு மேல் குறைவு. எட்டிலிருந்து மூன்று என்றால் 62தான். அங்கே கோடு எண்பதில் இருந்தது. அவள் நரம்பைச் சுடலாம் என்ற முடிவு, அவளுடைய மரியாதையை நம்பி எடுத்த முடிவு.

சுட்ட பிறகு இரண்டு மூன்று வாரம் வெயிலில் வெந்ததுபோல் தோல் காந்தியது. அப்புறம் ஒன்பது மாதம் நின்று சமைத்தாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள், பஸ்ஸில் ஈரோடு போய் வந்தாள். பத்தாம் மாதம் ஒரு நாள் காலையில் அடுப்படியில் கையை ஊன்றிக்கொண்டு, "வந்துருச்சு" என்றாள். சிகிச்சை பலித்ததா? மீட்சிக் கதையாகப் பார்த்தால் தோல்வி. அம்மாவைக் கேட்டால், "ஒம்பது மாசம் நின்னேனல்லோ" என்பாள்.

*

பிரெஞ்சு நாவலாசிரியர் அல்ஃபோன்ஸ் தோதே சிஃபிலிஸ் நோய் முதுகுத் தண்டைத் தாக்கிப் பல வருஷம் வலியோடு வாழ்ந்தவர். தலையிலும் தாடையிலும் பட்டை மாட்டி அந்தரத்தில் தொங்கவிடும் சிகிச்சைகூட அவருக்கு நடந்தது. அப்போது எழுதிவைத்த குறிப்புகள், அவர் 1897இல் இறந்து பல வருஷம் கழித்து 1930இல்தான் புத்தகமாக வந்தன. ஜூலியன் பார்ன்ஸ் அதை 2002இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நாவல் கட்டத் தெரிந்தவர் வலிக்கு நாவல் கட்டவில்லை. துண்டு துண்டாக, அன்றன்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். தொடக்கம், உச்சம், முடிவு எதுவும் அதில் இல்லை. வலியைப் பற்றி நான் படித்தவற்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் வருவது அந்தப் புத்தகம்தான்.

இரண்டாம் முறை போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துப்போனேன். முதல் தடவை நம்பர் தப்பு என்பதை அம்மாவே தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. மறுபடி சோதனை ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். இந்த முறை மணிக்கு ஒரு நம்பர், அதன் பக்கத்தில் அம்மா சொன்னது அப்படியே. மூன்றாவது வரியில் அதே பக்கத்து வீட்டுச் சண்டை மறுபடியும் வந்தது. நம்பர் 3.

டாக்டர் அந்த வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"சண்டை எந்தப் பக்கத்து வீட்டுலம்மா?"

அம்மா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எடது பக்கத்து வூட்டுலதாங்க. வலது வூட்டுல ஆளே இல்லீங்க."