மன்னாரை வென்றவர் யாரைக் காத்தார்?

கோவாவிலிருந்து ஆண்ட போர்த்துகீசிய அரசப் பிரதிநிதி கான்ஸ்டன்டினோ டி பிரகான்சா 1560-இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தார். நல்லூருக்குள் நுழைந்தும் அங்கே நிலைக்க முடியவில்லை. மக்கள் கிளர்ந்தெழப் பின்வாங்கினார். கையில் மிஞ்சியது மன்னார்த் தீவு. அங்கே கோட்டை எழுப்பினார். அவர் எதிரே தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்த பரதவரின் காவலரா, முத்தின் காவலரா?

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். போர்த்துகீசியரை இக்கரைக்கு அழைத்தவர் அவரல்லர். முத்துக்குளிப்பு உரிமைக்காக மரைக்காயர்களோடு நடந்த மோதலில் நசுங்கிய பரதவர்களே 1535 வாக்கில் கொச்சிவரை போய்த் துணை கேட்டனர். விலையாக மதம் மாறினர். 1538-இல் வேதாளையில் மரைக்காயர் கப்பற்படை போர்த்துகீசியரிடம் தோற்றபோது, கேட்ட துணை கிடைத்தது. 1544-இல் மன்னாரின் புதுக் கிறித்தவர்களை யாழ்ப்பாணத்தின் சங்கிலி மன்னன் கொன்று குவித்தான். அந்தத் தீவில் ஒரு கோட்டை வேண்டும் என்ற எண்ணத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் கோட்டை எழுந்த பிறகு நடந்ததுதான் அவரை எடைபோட உதவும். மதுரை நாயக்கரின் நெருக்கடியில் தவித்த, முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலிலிருந்து போர்த்துகீசியத் தளபதியும் மற்றப் போர்த்துகீசியரும் மன்னாருக்கு மாற்றப்பட்டனர். பரதவரும் உடன் வரவேண்டும் என்பதே திட்டம். சிலர் போனார்கள், பலர் ஊரைவிடவில்லை.

ஏன் விடவில்லை? காலில் கல்லைக் கட்டி, மைத்துனர் கயிறு பிடிக்க, மூச்சடக்கிக் கடலடி முத்துப்பாருக்கு இறங்கும் தொழில் ஆண்டில் சில வாரங்களே நடப்பது. சிப்பி பொய்த்தால் பல ஆண்டுகள் நடக்கவே நடக்காது. அடுப்பெரிவது மீனாலும் சங்காலும் வணிகத்தாலும். மன்னார் வளைகுடாவின் இரு கரைப் பார்களையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க விரும்பிய அரசுக்குத் தீவு பொருந்தியது. அன்றாடம் கடலோடிப் பிழைத்த குடும்பங்களுக்குப் பொருந்தவில்லை.

அவரைப் பேராசைக்காரர் என்பது தவறு. யாழ்ப்பாணத்தில் கைப்பற்றிய, புத்தரின் பல் என நம்பப்பட்ட பொருளுக்குப் பர்மாவின் பெகு மன்னர் பெருந்தொகை தர முன்வந்தும், 1561-இல் அதை அழிக்கச் செய்தார். பணத்துக்கு அசையாத உறுதி அது. பிறர் புனிதத்துக்கு இடம் தராத உறுதியும் அதுவே.

காஸ்டிலின் அலோன்சோ டி லூகோ 1496-இல் டெனெரீஃப் தீவை அடக்கியதோடு ஒப்பிட்டால் பிரகான்சா மென்மையானவராகத் தோன்றலாம். அங்கே பூர்வகுடிகளான குவாஞ்சி மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். காலப்போக்கில் அவர்கள் மொழியே அழிந்தது. பரதவருக்கு அந்தக் கதி நேரவில்லை. ஆனால் அதற்கான பெருமை பிரகான்சாவைச் சேராது. பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த்தலைவர்களின் வழிநடத்தலும், கரையைவிட்டு நகராத பிடிவாதமும், தமிழிலேயே வேரூன்றிய வழிபாடும்தான் அவர்களைக் காத்தன. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலைத் தந்த பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் புன்னைக்காயலிலேயே 1600-இல் கண்மூடினார். தளபதி விட்டுப்போன ஊரே பாதிரியாரின் கடைசி ஊரானது.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் ஒரே ஆண்டில் பிடித்தனர். மன்னாரில் போர்த்துகீசியரின் தொண்ணூற்றெட்டு ஆண்டு ஆட்சி முடிந்தது. டச்சுக்காரர் நெருக்கியும் பரதவர் தம் கத்தோலிக்க சமயத்தைக் கைவிடவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: பிரகான்சா திறமையான கடற்காவலர், பரதவரின் காவலர் அல்லர். தங்கள் கரையில் பாதுகாப்பு கேட்ட மக்களிடம், பாதுகாப்பு இருக்கும் இடத்துக்கு நீங்கள் வாருங்கள் என்றவர் அவர். முத்துக்குளித்துறையின் வரலாற்றில் தலையாய இடம் அவருக்கு உரியதன்று. போக மறுத்த அந்தக் குடும்பங்களுக்கே உரியது.