தில்லையாடி வள்ளியம்மை வரலாறுகளில் தாய் மங்களம்

தில்லையாடி வள்ளியம்மை (1898–1914) தென்னாப்பிரிக்க இந்தியர்களின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாட்களில் உயிர்நீத்தவர். அவரைப் பற்றித் தமிழில் பாடநூல் பாடங்களும் சிறுவர் நூல்களும் மேடைப் பேச்சுகளும் நிறைய உண்டு. அவருடன் அதே போராட்டத்தில் தண்டனை பெற்ற தாய் மங்களமோ இவற்றில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துபோகிறார்: முனுசாமி முதலியார், மங்களம் தம்பதியின் மகள் வள்ளியம்மை. அந்த வரிக்குப் பிறகு தாயைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

கடலூரிலிருந்து குடிகாடு வழியாகச் சிதம்பரம் வந்து, கொள்ளிடம் கடந்து, சீர்காழிக்கும் தெற்கே போனால் திருக்கடையூருக்கு அருகில் தில்லையாடி இருக்கிறது. பழைய தென்னாற்காடு, தஞ்சாவூர் மாவட்டங்களைச் சேர்ந்த இந்தக் கடலோரம் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவர்களின் நிலம். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மங்களத்தின் குடும்பம் இந்த வகையைச் சேர்ந்ததன்று. அவர்கள் டிரான்ஸ்வாலில், ஜோகன்னஸ்பர்க் நகரில் கடை வைத்துப் பிழைத்தவர்கள். பல நூல்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லோரையும் கரும்புத் தோட்டக் கூலிகள் என்று ஒரே பட்டியில் அடைத்துவிடுகின்றன. மங்களம் செய்த காரியத்தின் பெருமை மறைந்துபோவது இங்கேதான்.

போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று 3 பவுன் தலைவரியை நீக்குவது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நேட்டாலில் தங்கிய கூலிகள் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த வரி அது. மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் சம்பாதிக்காத ஒருவர், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுன் கட்ட வேண்டியிருந்தது என்று காந்தி தம் சுயசரிதையில் கணக்குச் சொல்கிறார். ஜோகன்னஸ்பர்க் கடைக்காரரின் மனைவிக்கு இந்த வரி கிடையாது. தன்மேல் விழாத ஒரு வரிக்காகத்தான் 1913 அக்டோபரில் மங்களம் வளர்ந்த மகளையும் அழைத்துக்கொண்டு எல்லை கடந்து நேட்டாலுக்குப் போனார். அந்த நேரத்தில் கணவர் அறுவைச் சிகிச்சை முடிந்து உடல் தேறிவந்தார். தாயும் மகளும் ஊர் ஊராகச் சென்று, வேலைநிறுத்தம் செய்யும்படி தொழிலாளர்களிடம் பேசினர்.

அவரை நேரடியாகத் தொட்ட அநீதியும் ஒன்று இருந்தது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்களைச் சட்டத்தின் பார்வையில் செல்லாதவையாக்கியது. பதினைந்து வயது மகளை வைத்திருக்கும் தாயிடம், 'நீ மனைவியல்ல' என்று ஒரு நாடு சொல்வது எத்தகைய அவமானம்! பெண்கள் வீட்டை விட்டு இறங்கியதற்கு இத்தீர்ப்பு பெரிய காரணம். பாடநூல்கள் இதை ஓரிரு சொற்களில் கடந்துவிடுவது குறையே. வள்ளியம்மை ஏன் போராடினார் என்று மாணவர்களிடம் கேட்டால் 'நாட்டுப்பற்று' என்று எழுதுவார்கள். அவருடைய தாயின் தாலிக்கு மதிப்பில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை எழுதமாட்டார்கள்.

காந்தியின் நூல்

இவ்வரலாற்றுக்கு முதன்மையான நூல் காந்தியின் 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்'. எரவாடா சிறையில் 1923இல் குறிப்புகள் கையில் இல்லாமல், நினைவிலிருந்தே குஜராத்தியில் எழுதத் தொடங்கியது. அதன் உருக்கமான பகுதிகளில் ஒன்று வள்ளியம்மையின் படுக்கையருகே காந்தி நிற்கும் காட்சி. சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று அவர் கேட்பதும், இறந்தாலும் வருத்தமில்லை என்ற பொருளில் அந்தப் பெண் விடை சொல்வதும் பலர் அறிந்தவை. அந்த வீட்டில் அப்போது ஒரு தாய் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே படிப்பவருக்கு வராதபடி அந்த உரையாடல் அமைந்திருக்கிறது. பேசுபவர்கள் இருவர் மட்டுமே. பெண்ணின் பெயரும் தந்தையின் பெயரோடு சேர்த்தே குறிக்கப்படுகிறது.

அதற்கு முன்னால் சிறை சென்ற டிரான்ஸ்வால் சகோதரிகள் பதினொருவரின் பட்டியலைப் பார்த்தால் காரணம் விளங்கும். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு என்றுதான் அது செல்கிறது. திருமணமாகாதவர்களுக்கு மட்டுமே சொந்தப் பெயர். தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள் என்பதை வேறு நூல்களிலிருந்துதான் அறிய வேண்டும். பதினொருவரில் ஆறு பேர் கைக்குழந்தையோடு சென்றவர்கள் என்று காந்தி மறக்காமல் எழுதுகிறார். பெயரை எழுதும் வழக்கம்தான் அன்று இல்லை. அவர் மீது மட்டும் பழிபோடுவது நியாயமன்று. அக்காலத்துச் செய்தித்தாளும் அரசாங்கத் தாளும் அப்படியே எழுதின.

1913 நவம்பரில் தொழிலாளர்கள் நடத்திய நெடும்பயணத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நடந்தனர். வழியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரிலும் வெயிலிலும் வாடி. மற்றொன்று, ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி. போனவர்களுக்காக அழுதுகொண்டிருக்க முடியாது, இருப்பவர்களுக்காக நடக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு தாய் பேசியதை நூல் பதிவு செய்திருக்கிறது. புலம்பெயர்ந்த தாய் ஒருத்தி தன் வாயால் பேசும் அரிய இடம் அது. அவளுக்கும் பெயர் இல்லை.

கொடிக் கதை

தமிழ் வரலாறுகள் இந்தக் காலியிடத்தை வேறு சரக்கால் நிரப்பியிருக்கின்றன. உங்களுக்குக் கொடி ஏது என்று அதிகாரி ஏளனம் செய்ததும் வள்ளியம்மை தம் சேலையைக் கிழித்துக் கொடியாகக் காட்டினார் என்பது மேடைகளில் கைத்தட்டல் வாங்கும் கதை. காந்தியின் நூலில் அது இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை வரலாறாக எழுதுவது மாணவர்களுக்குச் செய்யும் நன்மையல்ல. அதிலும், 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குத் தாயும் மகளும் சேர்ந்தே போனார்கள் என்ற உண்மையை விட்டுவிட்டுக் கொடிக் கதையைச் சேர்ப்பதுதான் வேடிக்கை. காய்ச்சலில் கிடந்த மகள் முன்விடுதலையை மறுத்த செய்தியை எல்லா நூல்களும் பெருமையோடு சொல்கின்றன. அந்த மறுப்பின்போது அவளைப் பெற்றவளும் ஒரு கைதி என்பதைச் சொன்னால் காட்சியே வேறாகிவிடும். வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கி, திருமணங்களையும் ஏற்றது.

வள்ளியம்மை பிறந்து வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடியில் அவர் வாழ்ந்ததில்லை. எனவே அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர், உண்மையில் தாயின் ஊர். 1915இல் காந்தி தில்லையாடிக்கு வந்து மண்ணை வணங்கியதும், பின்னாளில் அங்கே நினைவு மண்டபம் எழுந்ததும், 2008இல் அஞ்சல்தலை வெளிவந்ததும், எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்குப் பெயர் வைத்ததும் மகளுக்காக. அந்தப் பெயரில் வரும் முதற்சொல் மட்டும் மங்களத்துடையது.