டிராகுலா: ஐம்பது பெட்டி மண்

அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897-இல் லண்டனில் வெளிவந்தது. இரத்தம் குடிக்கும் பிரபுவின் கதை என்றே பலரும் இதை அறிவார்கள்; சினிமா பரப்பிய பிம்பம் அது. நாவலைப் படித்தவருக்குக் கோரைப்பல்லைவிட மண்தான் அதிகம் நினைவில் நிற்கும்.

இங்கிலாந்துக்குக் குடிபெயரும் டிராகுலா, தன் கோட்டையின் பழைய கல்லறைக் கோவில் மண்ணை ஐம்பது பெட்டிகளில் நிரப்பி வர்னா துறைமுகத்தில் கப்பலேற்றுகிறான். அந்த மண்ணில் படுத்தால்தான் அவனுக்கு ஓய்வு. படையெடுத்தவரும் எதிர்த்தவரும் சிந்திய இரத்தம் ஊறிய பூமி என்று தன் நாட்டைப் பற்றித் தொடக்கத்திலேயே பெருமையாகச் சொல்கிறான். அவனைத் துரத்துகிறவர்கள் செய்யும் பெரிய வேலையும் பெட்டிகளை எண்ணுவதுதான். வண்டிக்காரர்களை விசாரித்து, வீடு வீடாகத் தேடி, ஒவ்வொரு பெட்டியிலும் நற்கருணை அப்பத்தை வைத்து அந்த மண் அவனுக்கு உதவாமல் செய்கிறார்கள். 49 பெட்டிகள் போனபின், மிஞ்சிய ஒன்றோடு அவன் ஊரைப் பார்த்து ஓடுகிறான்.

பந்தல்குடி, திருச்சுழிப் பக்கத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவர்கள் குலதெய்வக் கோவிலில் பிடிமண் எடுத்துப்போய், குடியேறிய இடத்தில் அதை வைத்துக் கும்பிடுவது தென்மாவட்ட வழக்கம். மண்ணோடு சாமியும் கூடவரும். நம் கதைகளில் பேய்க்கு இந்த வசதி கிடையாது. புளியமரமோ பாழுங்கிணறோ, பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். எல்லை தாண்டிவிட்டால் தப்பித்தோம். டிராகுலாவோ பிடிமண் எடுத்துவரும் பேய்.

1897 விக்டோரியா அரசியின் வைரவிழா ஆண்டு. உலகெங்கும் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு நாடு, கிழக்கிலிருந்து ஒருவன் தன் மண்ணோடு வந்து வீடு வாங்குவதைக் கண்டு நடுங்குகிறது. அதே காலத்தில்தான் தென் தமிழகத்தின் வறண்ட ஊர்க்காரர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தார்கள். அந்த வழியில் வந்த ஒருவர், பெட்டிகளைக் கெடுக்கும் காட்சியைத் துரத்துகிறவர் பக்கம் மட்டும் நின்று படிப்பது கடினம். ஸ்டோக்கர் இப்படி ஒரு வாசகரை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்.

நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்று எல்லோரும் எழுதிக் குவிக்கும் இந்நாவலில், டிராகுலா தன் கதையைத் தானே எழுதுவதில்லை. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பின் அவன் கண்ணில் படுவதும் அரிது. பயம் வளர்வது அதனால்தான். நடுப்பகுதி தொய்வுதான். வான் ஹெல்சிங்கின் நீண்ட பேச்சுகளை அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். மாலுமிகள் ஒவ்வொருவராக மறைந்துபோவதைப் பதிவுசெய்யும் டெமிட்டர் கப்பல் தலைவனின் குறிப்பேட்டை மட்டும் தாண்டக்கூடாது.