செப்டம்பரில் அளந்து ஏப்ரலில் வழங்குதல்

இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளாட்சிப் பணியாளர் ஓய்வூதியத் திட்டம், உடல்நலம் நிரந்தரமாகக் குன்றிப் பணியை இழந்தவர்களை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கிறது. ஓய்வு வயதுவரை, வாரம் 30 மணிநேரத்திற்குக் குறையாத ஊதிய வேலை எதற்கும் திரும்ப வாய்ப்பில்லாதவருக்கு, அவர் பார்த்திருக்கக்கூடிய எஞ்சிய பணிக்காலம் முழுவதையும் சேர்த்து ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் படிநிலையில் அதில் கால் பங்கு மட்டுமே சேர்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் வேலைக்குத் திரும்பக்கூடும் என்று கருதப்படுபவருக்கு, ஈட்டிய ஓய்வூதியம் மட்டும், அதிகபட்சம் அந்த மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, முந்தைய செப்டம்பரின் விலைவாசி உயர்வு விழுக்காட்டுக்கு ஈடாக ஒவ்வோர் ஏப்ரலிலும் இத்தொகை கூட்டப்படுகிறது. இதற்கு உச்சவரம்பு இல்லை என்பதும், உயர்வைத் தருவதும் மறுப்பதும் உள்ளாட்சி மன்றத்தின் விருப்பத்திற்கு விடப்படவில்லை என்பதுமே இம்முறையின் தலையாய வலிமை. தனியார் ஓய்வூதியங்கள் பல 5 அல்லது 2.5 விழுக்காட்டு வரம்பில் நின்றுவிட, 2023 ஏப்ரலில் இவர்களுக்கு 10.1 விழுக்காடு முழுமையாகக் கிடைத்தது.

ஆயினும், அளக்கும் மாதத்திற்கும் வழங்கும் மாதத்திற்கும் இடையே விலை ஏறினால் அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடுகிறது. 2021 செப்டம்பர்க் கணக்கின்படி 2022 ஏப்ரலில் கிடைத்த உயர்வு 3.1 விழுக்காடு, அந்த ஏப்ரலிலேயே ஆண்டுப் பணவீக்கம் 9 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. மறு ஆண்டின் உயர்வு ஓய்வூதியத்தின் அளவைச் சரிசெய்தாலும், இடைப்பட்ட மாதங்களின் இழப்பை ஈடுகட்டுவதில்லை. வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்களிலும் பலர் இதனால் வாடினர் என்பது உண்மையே. எனினும் உடல்நலக் குறைவையே தகுதியாகக் கொண்டு ஓய்வூதியம் பெறுபவர் பலரால், பற்றாக்குறையைச் சிறு வேலையால்கூட எளிதில் நிரப்பிக்கொள்ள முடியாது.

அளவுகோலும் விவாதத்திற்குரியது. 2011 முதல் சில்லறை விலைக் குறியீட்டுக்குப் பதிலாக, பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே ஏறும் நுகர்வோர் விலைக் குறியீடு பயன்படுத்தப்படுகிறது. மாற்றம் வந்த ஆண்டின் உயர்வுக்கு அடிப்படையான 2010 செப்டம்பரிலேயே முன்னது 4.6 விழுக்காட்டையும் பின்னது 3.1 விழுக்காட்டையும் காட்டின. இத்தகைய வேறுபாடு ஆண்டுதோறும் கூட்டுவட்டிபோல் பெருகுவதால், நாற்பது வயதில் ஓய்வூதியத்திற்கு வந்தவரே அறுபத்தைந்தில் வந்தவரைவிட நெடுங்காலம் அதைச் சுமக்கிறார். மேலும், நாட்டின் சராசரிக் குடும்பச் செலவை அடியொற்றிய குறியீட்டில், பகலெல்லாம் வீட்டிலிருப்பவரின் வெப்பமூட்டும் செலவும் உதவியாளர் கூலியும் உரிய எடையைப் பெறுவதில்லை.

பொதுவாக 55 வயதுக்குமுன் வழங்கப்படாத இந்த ஏப்ரல் உயர்வு, முதலிரு படிநிலையினருக்கு எவ்வயதிலும் கிடைப்பது நியாயமான விதிவிலக்கு. மூன்றாம் படிநிலையினருக்கோ இவ்விலக்கு இல்லை. குறுகிய காலத்திற்கே ஓய்வூதியம் பெறுவோருக்கு உயர்வு தேவையில்லை என்ற வாதம், விலைகள் மெல்ல ஏறும் ஆண்டுகளில் மட்டுமே பொருந்தும். 2022ஐப் போன்ற ஓராண்டு அந்த மூன்றாண்டுகளுக்குள் விழுந்தால் அவ்வாதம் நிற்காது.