முதலில் போர்டு, பிறகு பிராசசர்

பெங்களூரு சிட்டி மார்க்கெட்டை ஒட்டிய எஸ்.பி. ரோட்டுக்கும், கொழும்பு பம்பலப்பிட்டியில் இருக்கும் யூனிட்டி பிளாசாவுக்கும் வந்து இறங்கும் சரக்கு ஒன்றுதான். இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள். ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் மதர்போர்டுகள். முக்கிய விற்பனை வரியும் இன்று ஒரே அளவு: இந்தியாவில் ஜிஎஸ்டி 18 சதவீதம், இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து வாட் 18 சதவீதம். ஆனால் வீட்டுக்குச் சிக்கனமாக ஒரு கணினி சேர்க்க நினைப்பவர் கணக்குப் போடும் வரிசை ஊருக்கு ஊர் மாறுகிறது. இங்கே பெங்களூரில் பெரும்பாலும் பிராசசரில் தொடங்கி போர்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். அங்கே கொழும்பில் போர்டிலும் வாரண்டியிலும் தொடங்கி, கையில் மீந்த காசுக்குப் பிராசசர் தேடுகிறார்கள்.

எஸ்.பி. ரோட்டின் பேரத்தைக் கவனித்தால் இது புரியும். "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. தொகையைச் சொன்னதும் பிராசசரின் பெயர் வரும். ஐ3-12100 அல்லது ரைசன் 5 5600ஜி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே படம் காட்டும் என்பதால் வீட்டுக் கணினிக்கு இவை இரண்டும் பொருத்தம்தான். அதில் சிக்கல் இல்லை. "கூட ஒரு போர்டு போட்டுத் தர்றேன்" என்று அடுத்த மூச்சில் சொல்கிறாரே, அங்கேதான் சிக்கல். இன்டெலுக்கு எச்610, ஏஎம்டிக்கு ஏ520. பட்டியலிலேயே விலை குறைந்தது எதுவோ, அது. அதைப் பற்றி வாங்குகிறவரும் கேட்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த சந்தில் இன்னொரு கடை இருக்கிறது என்ற தைரியம். ஓசூரிலிருந்து வந்து வாங்கிப் போகிறவருக்கும் திரும்பி வர 40 கிலோமீட்டர்தான்.

இந்தத் தைரியத்தின் உச்சம்தான் 'ஐ5 காம்போ'. இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ5, 2012-இல் வந்த பழைய பிராசசர். அதைப் புதிதாகத் தயாரான எச்61 போர்டில் பொருத்தி, டிடிஆர்3 ரேமும் சேர்த்துச் சில ஆயிரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஐ5 என்ற பெயரே பாதி வியாபாரத்தை முடித்துவிடும். ஆனால் இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது மலிவு. மற்றவருக்கு அந்தச் சில ஆயிரமும் வீண்.

கொழும்பில் பேச்சு வேறு இடத்தில் தொடங்குகிறது. கடைகளின் விலைப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எத்தனை ஆண்டு வாரண்டி என்று போட்டிருக்கும். பல கடைகளின் பற்றுச்சீட்டில் ஓராண்டு என்றால் 350 நாள் என்று அச்சடித்திருப்பதையும் பார்க்கலாம். எரிந்த தடம், துரு, மின்னல் தாக்கியது என எதற்கும் வாரண்டி கிடையாது என்பார்கள். ஏப்ரலில் இடி இறங்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் கொழும்பில் வாங்கிய போர்டு பழுதானால், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி அதை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் எந்த போர்டு, யார் ஏஜென்ட், பழுதானால் மாற்றித் தருவார்களா என்ற கேள்விகள் அங்கே முதலில் வருகின்றன.

2022-இன் பொருளாதார நெருக்கடி இந்த எச்சரிக்கையை இன்னும் இறுக்கியது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை நாணயம், மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு பக்கம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இன்னொரு பக்கம். அதே ஆண்டில் இந்திய ரூபாயும் 74-இல் இருந்து 82-ஐத் தாண்டியது, ஆனால் சரிவு அந்த அளவுக்கு இல்லை. அடுத்த முறை வாங்கும்போது விலை எங்கே நிற்கும் என்று தெரியாதவர், இன்று வாங்கும் போர்டு நாளைய பிராசசரையும் ஏற்குமா என்று கேட்பது இயல்புதானே.

தொழில்நுட்பமும் அந்தக் கேள்வியின் பக்கமே நிற்கிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2018-இல் வந்த பி450 போர்டை வாங்கியவர், பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு 2020 கடைசியில் வரத் தொடங்கிய ரைசன் 5000 வரிசையையும் அதிலேயே பொருத்த முடிந்தது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட், 12 முதல் 14 வரை மூன்று தலைமுறைகளை ஏற்கும். இன்று ஐ3 போட்டவர் பிறகு பழைய சந்தையில் ஐ5-13400 கிடைத்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எச்610-இல் ரேம் சொருக இரண்டே இடம். மலிவான மாடல்களில் பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகூட இருக்காது. பெரிய பிராசசரைப் போட்டால் அந்தப் பகுதி சூடேறி, பிராசசரின் வேகம் குறையும். பி660, பி760, பி550 போர்டுகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியபோது, கையில் டிடிஆர்4 ரேமும் அதை ஏற்கும் போர்டும் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அதற்காக இலங்கைக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, வங்கி வேலை, கடைக் கணக்கு, இவ்வளவுதான் என்றால் ஏ520-யே போதும். எதிர்காலத்துக்கென்று பெரிய போர்டு வாங்கிப் பயன்படுத்தாமல் விடுவதும் செலவுதான். எஸ்.பி. ரோட்டில் கற்க வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. விவரம் தெரிந்தவர்கள் பணம் கொடுக்கும் முன்பே இன்டெல் போர்டின் சாக்கெட் மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் ஊசிகளைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ஒரு ஊசி வளைந்திருந்தாலும் வரிசையில் ஒளி மாறித் தெரியும். வளைந்த ஊசிக்குப் பொதுவாக வாரண்டி கிடைப்பதில்லை. அந்த மூடியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், சர்வீசுக்குக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

ஏஎம்டி தன் மிகப்பெரிய வடிவமைப்பு வளாகத்தை 2023 நவம்பரில் திறந்தது இதே பெங்களூரில்தான். இருந்தாலும் எஸ்.பி. ரோட்டுக்கு வரும் ரைசன், டாலர் விலையில் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிதான். அந்த வகையில் நமக்கும் கொழும்புக்கும் வித்தியாசம் இல்லை. பிராசசரின் விலை இன்றைய தேவைக்கு, போர்டின் விலை அடுத்த ஐந்தாண்டுக்கு. இலங்கைக்காரருக்கு நெருக்கடி சொல்லிக்கொடுத்த இந்தக் கணக்கை, நெருக்கடி வரும்வரை காத்திருக்காமல் நாமும் போட்டுப் பார்க்கலாம். கடையில் "பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்டால், தொகையைச் சொல்வதற்கு முன் எந்த போர்டு என்று திருப்பிக் கேளுங்கள்.