மண்ணின் மொழி அறியாத ஊழியம்

சமயத் தொண்டரின் வாழ்வை அவர்தம் சொற்பொழிவால் அளப்பது எளிது. அடுக்களையால் அளப்பதே நேர்மை. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா கிங்சால்வர் 1998இல் வெளியிட்ட 'தி பாய்சன்வுட் பைபிள்' என்னும் புதினம் அவ்வாறே அளக்கிறது. 1959இல், பெல்ஜிய ஆட்சியிலிருந்த காங்கோவின் கிலாங்கா என்னும் கற்பனைச் சிற்றூருக்கு, நேதன் பிரைஸ் என்னும் பாப்டிஸ்டு போதகர் மனைவியோடும் நான்கு பெண்மக்களோடும் வந்து சேர்கிறார். கதையை உரைப்போர் அவ்வைந்து பெண்களே. போதகர் ஓரிடத்திலும் உரைப்பதில்லை.

ஆகவே நாம் காண்பது, நாளெல்லாம் தண்ணீர் கொதிக்க வைத்து விறகடுப்பில் சமைக்கும் தாயை. கொயினா மாத்திரையை விழுங்காமல் ஒளித்துவைக்கும் கடைக்குட்டியை. மண்ணை மேடாக்கி விதைக்குமாறு பணிப்பெண் சொல்கிறாள். போதகர் கேளாமல் மேட்டைச் சமப்படுத்துகிறார். பெருமழை விதைகளை வாரிச் செல்கிறது. இயேசு விலைமதிப்பற்றவர் என முழங்க எண்ணியவர், ஒலி பிறழ்ந்து, தீண்டினால் தோலைப் புண்ணாக்கும் நச்சுமரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். கேளாத செவியுடையான் வாயில் நற்செய்தியும் நஞ்சாகும் என்பதே நூலின் உட்பொருள்.

குறை ஒன்றும் உண்டு. கிலாங்கா மக்களுள் ஒருவரேனும் கதை உரைக்கவில்லை. அவர்தம் குரலும் வந்தேறியவர் வாய்வழியே வருகிறது. நைஜீரியரான சினுவா அச்செபே, 1958இல் வெளிவந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' புதினத்தில், இக்போ ஊருக்குள்ளிருந்தே மிஷனரிகளைக் கண்டு எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படித்தாலே காட்சி நிறைவுறும்.

பிறமொழி வழங்கும் மண்ணில் குடியமர்ந்த நாம், அண்டை வீட்டாரின் மொழிக்கு எவ்வளவு செவி கொடுத்தோம்? நூலை மூடியபின் எஞ்சும் வினா இதுவே.