அழகு அஞ்சத்தக்கதா?

போர்க்களத்தில் பகைவரை நடுங்கச் செய்த வீரன், ஒரு பெண்ணின் நெற்றியழகின்முன் தன் பெருமை உடைந்தது என்கிறான் (குறள் 1088). தகையணங்குறுத்தல் என்னும் அதிகாரத்தைக் காதல் மயக்கம் என்று மட்டும் கொண்டால், அதிலுள்ள அச்சம் மறைந்துவிடும்.

தலைவன் அவளை முதலில் அணங்கோ என ஐயுறுகிறான் (1081). பின்னர்க் கூற்றம் எனத் துணிகிறான் (1083). அவள் செய்த தீங்கு யாது? எதிர்நோக்கியது ஒன்றே (1082). ஆதலின் அச்சத்தின் பிறப்பிடம் அவளது அழகன்று. அவளை மானிட மகளாக இன்னும் அறியாத அவன் உள்ளமே.

தெளிவின் வித்து 1085ஆம் குறளில் உள்ளது. கூற்றம் எனக் கண்ட அந்நோக்கிலேயே மருளும் பெண்மானையும் காண்கிறான். அவ்வித்து உடனே முளைப்பதில்லை. அதன் பின்னரே அவன் பெருமை உடைகிறது. முளைப்பது அடுத்த அதிகாரமாகிய குறிப்பறிதலில். நோய் தந்த கண்ணே அங்கு மருந்தும் தருகிறது (1091). தான் நோக்குங்கால் நிலம் நோக்குபவள், நோக்காதபோது தன்னை நோக்கி மெல்ல நகுவதை அவன் உணர்கிறான் (1094).

பெண்ணழகைப் பழித்து விலகுவதும், வென்றடக்க முனைவதும் அச்சத்தின் வேறு வடிவங்களே. அவளும் தன்னைப்போல் நாணும் உயிர் என அறிவதே மருந்து. இவ்விரு அதிகாரங்களையும் பிரிக்காது சேர்த்துக் கற்பித்தல் நன்று.